உட்காரும் உரிமை: கடை ஊழியர்களுக்கு நாற்காலி தரச் சொல்லும் சட்டம்... யாருக்குப் பொருந்தும், எங்கே புகார் செய்வது? முழு விவரம்

தீபாவளி சீசனில் தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ, மதுரை விளக்குத்தூண் பக்கமோ ஜவுளி எடுக்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நமக்கு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்வார்கள். ஐம்பது புடவையைப் பிரித்துக் காட்டும் ஊழியர் மட்டும் கடைசி வரை நின்றுகொண்டே இருப்பார். நாம் கிளம்பிய பிறகும் அவர் உட்கார மாட்டார். அடுத்த கஸ்டமருக்காக அப்படியே நிற்பார்.

இப்படி நிற்க வைப்பது தமிழ்நாட்டில் 2021 முதல் சட்டத்துக்கு எதிரானது. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் கடையில் வேலை பார்க்கும் பலருக்கும், அங்கே துணி எடுக்கப் போகும் நமக்கும் இது தெரிவதில்லை.

பணியிடத்தில் பன்முகத்தன்மை, சமநீதி, அனைவரையும் உள்ளடக்குதல் என்று பெரிய கம்பெனிகளில் இப்போது அதிகம் பேசுகிறார்கள். சுருக்கமாக டி.இ.ஐ. என்பார்கள். இந்தப் பெரிய வார்த்தைகளுக்கு ஒரு சாதாரணக் கடையில் என்ன அர்த்தம்? ஒரு நாற்காலியை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் கடைகளின் வேலை நேரம், வார விடுமுறை, ஓய்வு இடைவேளை போன்றவற்றை முறைப்படுத்துவது 'தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947'. இதில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதாவை, தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்த சி.வி.கணேசன் 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் தாக்கல் செய்தார். அது நிறைவேறி சட்டமானது.

அந்தப் பிரிவின் சாரம் இதுதான்: ஒவ்வொரு கடையிலும், நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை இருக்கக் கூடாது.

மொத்தம் சில வரிகள்தான். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, 'எல்லா ஊழியர்களுக்கும்' என்ற சொல். பெண்களுக்கு மட்டுமான சலுகையாக இது எழுதப்படவில்லை. ஆண், பெண், திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொருந்தும்.

இரண்டாவது, 'ஒவ்வொரு கடையிலும்' என்ற சொல். இத்தனை பேருக்கு மேல் வேலை பார்த்தால்தான் நாற்காலி என்ற வரம்பை இந்தப் பிரிவு வைக்கவில்லை. ஐந்து மாடி ஜவுளிக்கடைக்கும், தெருமுனை செருப்புக் கடைக்கும் ஒரே விதிதான்.

ஜவுளிக்கடைக்கு மட்டும்தானா?

இல்லை. இந்தச் சட்டத்தில் 'நிறுவனம்' என்பதற்குள் கடைகள், வணிக அலுவலகங்கள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், தியேட்டர்கள், பொழுதுபோக்கு இடங்கள் எல்லாம் வருகின்றன. கடையோடு சேர்ந்த கிடங்கும் கடையாகவே கணக்கில் வரும்.

ஆக, நகைக்கடை சேல்ஸ்மேன், சூப்பர் மார்க்கெட் கேஷியர், ஹோட்டலில் பரிமாறுபவர், மொபைல் ஷோரூமில் டெமோ காட்டுபவர், தியேட்டரில் பாப்கார்ன் விற்பவர் என இவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

தொழிற்சாலைகளுக்கு இது புதிதல்ல. நின்று வேலை பார்க்க வேண்டிய தொழிலாளிக்கு உட்காரும் வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அப்போதே கிடைத்த இந்த உரிமை, தமிழ்நாட்டுக் கடை ஊழியருக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எங்கிருந்து தொடங்கியது?

இந்தியாவில் கடை ஊழியர்களின் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் கேரளா. ஆண்டு 2018. தமிழ்நாடு இரண்டாவது.

கேரளாவில் இது தானாக வந்துவிடவில்லை. கோழிக்கோட்டின் பரபரப்பான கடைவீதி எஸ்.எம். ஸ்ட்ரீட். மிட்டாய்த் தெரு என்றும் சொல்வார்கள். அங்கே தையல் வேலை பார்த்த விஜி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அவர்கள் முதலில் எழுப்பிய பிரச்னை நாற்காலி அல்ல, கழிப்பறை. பெண்கள் வேலை பார்க்கும் பல கடைகளில் அவர்களுக்குக் கழிப்பறையே இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 'எங்களை உட்கார விடுங்கள்' என்ற கோரிக்கை வலுத்தது.

2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பெண்கள் சிலர், சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தங்களை இடமாற்றம் செய்ததாகச் சொல்லி கடை முன்பே போராட்டத்தில் இறங்கினார்கள். 'உட்காரும் போராட்டம்' என்று பேசப்பட்ட அது நூறு நாள்களைத் தாண்டி நடந்தது. உட்காரும் உரிமை கேரளா முழுக்க விவாதமானது.

அதன் பிறகுதான் 2018-ல் கேரள அரசு தனது கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் விஜியும் இடம்பிடித்தார்.

தமிழ்நாட்டில் இந்த வாழ்க்கையைப் பலருக்கும் காட்டியது 2010-ல் வெளியான வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம். படம் வந்து 11 ஆண்டுகள் கழித்துத்தான் நாற்காலிக்குச் சட்டம் வந்தது.

நின்றுகொண்டே இருந்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

'நிற்பது ஒரு வேலையா? நாமும்தான் பஸ்ஸில் நிற்கிறோம்' என்று சிலர் கேட்பார்கள். அரை மணி நேரம் நிற்பதும், பத்து மணி நேரம் நிற்பதும் ஒன்றல்ல.

காலுக்கு இறங்கும் ரத்தம் மீண்டும் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். இந்த வேலையில் கெண்டைக்கால் தசைகள்தான் பம்ப் மாதிரி உதவுகின்றன. நடக்கும்போது அவை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் தடுக்க, ரத்தக் குழாய்க்குள் சிறு வால்வுகள் இருக்கின்றன.

ஒரே இடத்தில் நின்றால் இந்த பம்ப் சரியாக வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தேங்கும். கால் கனக்கும், வீங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால் வால்வுகள் பலவீனமாகி, ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டு நிற்கும் வாய்ப்பு அதிகம். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். மருத்துவத்தில் வெரிகோஸ் வெயின். முற்றினால் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, ஆறாத புண் வரைக்கும் போகும். இதோடு இடுப்பு வலி, குதிகால் வலி, முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ளும்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் நல்லதல்ல. கொஞ்ச நேரம் நின்று, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நடுவில் நடந்து வேலை பார்ப்பதுதான் உடம்புக்கு ஏற்றது. சட்டம் கேட்பதும் அந்த மாற்றி மாற்றி இருக்கும் வசதியைத்தான்.

எல்லோருக்கும் ஒரே ரூல்... அது நியாயமா?

டி.இ.ஐ. என்று பேசுகிறார்களே, அதன் அடிப்படை இங்கேதான் இருக்கிறது.

'ஃப்ளோரில் யாரும் உட்காரக் கூடாது' என்று ஒரு கடையில் ரூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ரொம்ப சமமான விதி. சின்னவர், பெரியவர், ஆண், பெண் என்ற பேதம் இல்லை. ஆனால் அதே விதி ஒவ்வொருவர் உடம்பிலும் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

- 20 வயதுப் பையனுக்கு அது சாயங்காலக் கால் வலி. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.
- 48 வயது அக்காவுக்கு, ஏற்கெனவே தேய்ந்த முழங்கால் இன்னும் மோசமாகும்.
- மாதவிடாய் நாளில் இருக்கும் பெண்ணுக்கு, வலியோடு ஒரு முழு ஷிஃப்ட்.
- ஏழு மாத கர்ப்பிணிக்கு, வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி.
- போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டவருக்கு, அந்தக் கடையில் வேலையே கிடையாது என்று அர்த்தம்.

கடைசி ஆளை யாரும் 'உனக்கு வேலை இல்லை' என்று சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. அந்த ரூலே அவரை அனுப்பிவிடும். புடவையின் ரகம், விலை, நெசவு எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். பில்லிங்கில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் பத்து மணி நேரம் நிற்க முடியாது என்ற ஒரே காரணத்தால் வாய்ப்பு போய்விடுகிறது.

இப்போது அதே இடத்தில் ஒரு உயரமான ஸ்டூலைப் போடுங்கள். அவருக்கும் அங்கே வேலை கிடைக்கும், அது பன்முகத்தன்மை. கர்ப்பிணிக்கும் 48 வயது அக்காவுக்கும் அவரவருக்குத் தேவையான வசதி கிடைக்கும், அது சமநீதி. உட்கார்ந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள் என்ற நிலை வந்தால், அதுதான் உள்ளடக்குதல்.

மூன்றில் கடைசிதான் கஷ்டம். நாற்காலியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். முறைக்காமல் இருக்கும் சூப்பர்வைசரை வாங்க முடியாது.

அப்படியென்றால் ஏன் இன்னும் நிற்கிறார்கள்?

சட்டத்தின் வாசகத்திலேயே சில இடைவெளிகள் இருக்கின்றன.

'பொருத்தமான இருக்கை' என்கிறது 22-ஏ. எத்தனை பேருக்கு எத்தனை நாற்காலி, அது எங்கே இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மாடிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை மூலையில் போட்டுவிட்டு 'வசதி இருக்கிறது' என்று ஒரு கடை சொல்ல முடியும்.

'உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது' என்கிறது சட்டம். வாய்ப்பு இருக்கிறதா, இல்லையா என்று யார் முடிவு செய்வது? நடைமுறையில் ஃப்ளோர் சூப்பர்வைசர்தான். 'கஸ்டமர் இல்லையா? துணியை மடி. மடிச்சாச்சா? ரேக்கைத் துடை' என்று அடுத்தடுத்து வேலை வந்தால் வாய்ப்பு வரவே வராது.

கடைக்காரர்கள் தரப்பிலும் சில வாதங்கள் உண்டு. 'கஸ்டமர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்', 'இருக்கிற இடம் சரக்கு வைக்கவே போதவில்லை', 'உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும்' என்பார்கள்.

இடப் பிரச்னைக்கு வழி இருக்கிறது. சுவரோடு மடிந்துகொள்ளும் இருக்கை, ரேக்குக்கு அடியில் தள்ளி வைக்கும் ஸ்டூல், பில்லிங் கவுண்டரில் உயரமான நாற்காலி, கூட்டம் குறைந்த நேரத்தில் முறை வைத்து உட்காருவது என எதுவும் பெரிய செலவு இல்லை. ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட்டுகளில் கேஷியர்கள் உட்கார்ந்தேதான் பில் போடுகிறார்கள். அங்கே வரிசை நின்றுபோய்விடவில்லை.

மரியாதைக் குறைவு என்ற வாதம் வேறு வகை. வங்கியில் கேஷியர் உட்கார்ந்தபடி பணம் கொடுத்தால் நாம் கோபித்துக்கொள்வதில்லை. டாக்டர் உட்கார்ந்தபடி நாடி பார்த்தால் அவமானமாக நினைப்பதில்லை. கடை ஊழியர் உட்கார்ந்தால் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? யார் முன்னால் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. திண்ணையில் யார், தரையில் யார், நிற்க வேண்டியவர் யார் என்று சாதி பார்த்துப் பிரித்த வழக்கம் அது. கடையில் அது யாருடைய சாதியையும் கேட்காமல் 'கஸ்டமர் சர்வீஸ்' என்ற புதுப் பெயரில் வந்து நிற்கிறது.

வெளிநாடுகளில் எப்படி?

பிரிட்டனில் கடைப் பெண்களுக்கு இருக்கை தரச் சொல்லும் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கை என்று கணக்கும் சொன்னது. ஆண்களுக்கு அது பொருந்தவில்லை.

1964-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த, வணிக நிறுவனங்கள், அலுவலகங்களில் சுகாதாரம் தொடர்பான உடன்படிக்கை, போதுமான இருக்கை தர வேண்டும் என்பதோடு, அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. நாற்காலி இருப்பது வேறு, உட்கார விடுவது வேறு என்பது அப்போதே புரிந்திருக்கிறது.

கடை ஊழியர்களுக்கு வேறு என்னென்ன உரிமைகள்?

நாற்காலியோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ஓய்வு இடைவேளை: கடைகள் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும்.

கர்ப்பிணிகள்: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகளுக்குப் பேறுகாலப் பலன் விதிகள் பொருந்தும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை சம்பளத்துடன் விடுப்பு. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய சுமார் பத்து வாரங்களில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், நீண்ட நேரம் நிற்கும் வேலையை அவருக்குக் கொடுக்கக் கூடாது. 1961-ம் ஆண்டு சட்டத்திலேயே இருந்த இந்த விதி, இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

மாற்றுத்திறனாளிகள்: 2016-ம் ஆண்டு சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களில், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி, எந்தெந்தப் பணி, யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும்.

பாலியல் தொல்லை: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். சின்னக் கடை என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவை அணுகலாம்.

சம ஊதியம்: ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று தரக் கூடாது. 1976-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததால் 22-ஏ போய்விட்டதா என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். அந்தத் தொகுப்புகள் நீக்கியது மத்திய அரசின் பழைய சட்டங்களை. மாநிலத்தின் கடைகள் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

புகார் செய்வது எப்படி?

- கடைகள் சட்டத்தை அமல்படுத்துவது மாநிலத் தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.
- முதல்வரின் முகவரி துறையின் 1100 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.
- பெண்களுக்கான உதவி எண் 181.
- மனுவில் கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், ஷிஃப்ட் நேரம், எந்த மாடியில் இருக்கை இல்லை என்ற விவரங்களை எழுதுங்கள். 'பிரிவு 22-ஏ' என்று குறிப்பிடுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீது அல்லது பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.
- தனியாகப் போவதைவிட நான்கைந்து பேர் சேர்ந்தோ, சங்கம் மூலமாகவோ கொடுப்பது நல்லது. ஒருவர் மட்டும் கேட்டால் அவர் ஒருவரைக் குறி வைப்பது சுலபம். கேரளாவில் பெண்கள் முதலில் செய்ததும் ஒன்று சேர்ந்ததுதான்.

கஸ்டமர் என்ன செய்யலாம்?

'ஊழியர் உட்கார்ந்தால் கஸ்டமருக்குப் பிடிக்காது' என்பதுதான் நிற்க வைப்பதற்குச் சொல்லப்படும் பெரிய காரணம். அதைப் பொய்யாக்கும் வசதி நம் கையில் இருக்கிறது.

துணி பார்க்கும்போது, 'நீங்களும் உட்கார்ந்து காட்டுங்கக்கா' என்று சொல்லலாம். 'பரவாயில்லைங்க, சூப்பர்வைசர் திட்டுவார்' என்று பதில் வந்தால், கிளம்பும்போது பில்லிங் கவுண்டரிலோ மேனேஜரிடமோ 'ஸ்டாஃப் உட்கார இடம் இல்லையா?' என்று கேட்கலாம். எந்த ஊழியர் சொன்னார் என்று மட்டும் காட்டிக்கொடுக்க வேண்டாம். கடைக்கு கூகுளில் ரிவ்யூ எழுதும் பழக்கம் இருந்தால் இதையும் ஒரு வரி எழுதலாம்.

தொழிலாளர் துறை அதிகாரி எல்லாக் கடைக்கும் தினமும் வர முடியாது. கஸ்டமர் தினமும் வருகிறார்.